லீசிங் வாகனத்தைப் பறிகொடுக்காமல் இருப்பதற்கு: தவணை தவறும் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் தம்பியின் முச்சக்கரவண்டியைக் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் வைத்து லீசிங் கம்பனியின் ஆட்கள் எடுத்துச் சென்றார்கள். எரிபொருள் தட்டுப்பாட்டால் முச்சக்கரவண்டிக்குக் கியூஆர் பங்கீட்டு முறையில் வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் மட்டும் கிடைத்த காலம் அது. அந்தப் பெற்றோலில் இரண்டு நாள் ஓடினால் மிச்ச நாட்கள் வண்டி வளவில் நிற்கும். அப்படி நின்றதில் மூன்று தவணை நிலுவையாகியிருந்தது. எனக்கு அழைப்பெடுத்தபோது அவன் முதலில் சொன்னது வண்டியைப் பற்றியல்ல. "அண்ணன், ஒரு பேப்பரில கையெழுத்து வாங்கினவங்க. சிங்களத்தில இருந்தது. என்ன எழுதியிருக்கெண்டு தெரியா" என்றான். பிறகு அந்தத் தாளின் பிரதியை வாங்கி வாசிப்பித்தபோதுதான், வாகனத்தைத் தன் சொந்த விருப்பத்தின் பேரில் ஒப்படைப்பதாக அவன் எழுதிக் கொடுத்திருப்பது தெரிந்தது. வண்டியைப் பலவந்தமாக எடுத்தார்கள் என்று நாங்கள் பின்னர் செய்த முறைப்பாடு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தாளையே பதிலாகக் காட்டினார்கள்.

அன்று தெரியாதிருந்தவற்றையும், அதன்பின் அயலவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும் அலுவலகங்களுக்குக் கூடப் போயும் அறிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்லன். நீதிமன்றத்திலிருந்து அல்லது மத்தியஸ்தரிடமிருந்து (ஒப்பந்தப்படி நீதிமன்றத்துக்கு வெளியே பிணக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்) கடிதம் வந்துவிட்டால் சட்டத்தரணியிடமே போக வேண்டும். ஆனால் அந்த நிலை வருவதற்கு முன் வாகனக்காரர் தானாகச் செய்யக்கூடிய காரியங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றிற் பெரும்பாலானவை காசு இல்லாமலும் செய்யக்கூடியவை.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள்

நம் பகுதியில் எல்லாவற்றையும் "லீசிங்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கையிலிருக்கும் ஒப்பந்தம் நிதிக் குத்தகையாக இருக்கலாம், வாடகைக் கொள்வனவாக (ஹயர் பேர்ச்சஸ்) இருக்கலாம், அல்லது வாகனத்தை ஈடாக வைத்துப் பெற்ற கடனாகவும் இருக்கலாம். நிதிக் குத்தகை 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைக்குவிடுதல் சட்டத்தின் கீழும், வாடகைக் கொள்வனவு 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டத்தின் கீழும் வருகின்றன; இரண்டிலும் வாகனக்காரருக்குள்ள பாதுகாப்புகள் ஒன்றல்ல. ஆகவே சட்டத்தரணியிடமோ முறைப்பாட்டு அலுவலகத்திலோ பேசும்போது உங்களுடையது எந்த வகை என்பதை முதற் பக்கத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நிதிக் குத்தகை என்றால், நீங்கள் முற்பணம் கட்டி, உங்கள் பெயரில் வரி அனுமதிப்பத்திரம் எடுத்து, ஐந்து வருடம் ஓடினாலும், கடைசித் தவணை கட்டி முடியும்வரை வாகனம் கம்பனிக்கே சொந்தம். பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் என்றும், கம்பனியின் பெயர் "அப்சலூட் ஓனர்" எனப்படும் முழு உரிமையாளர் என்றும் இருக்கும். இது கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும் இதை ஏற்றுக்கொண்டுதான் மிகுதியைத் திட்டமிட வேண்டும், ஏனென்றால் "என்ட வாகனம், யாரும் தொட ஏலாது" என்ற நினைப்பில் கடிதங்களைப் பிரிக்காமலே அலுமாரியில் வைத்தவர்கள்தான் பெரும்பாலும் வாகனத்தை இழந்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு விடயங்களைத் தேடிப் பென்சிலால் கோடிடுங்கள்: தவணை தவறினால் அறவிடும் தண்ட வட்டி எவ்வளவு, ஒப்பந்தத்தை முடிவுறுத்துவதற்கு முன் என்ன அறிவித்தல் எத்தனை நாள் அவகாசத்துடன் தர வேண்டும், தவணைக் காலம் முடியுமுன் முழுவதையும் கட்டித் தீர்ப்பதாயின் கணக்கு எப்படி, பிணக்கு ஏற்பட்டால் மத்தியஸ்தத் தீர்ப்பா நீதிமன்றமா என்பன. ஒப்பந்தம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் கிளைக்குப் போய்த் தமிழில் விளக்கம் கேளுங்கள். இலங்கை மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், வாடிக்கையாளருக்கு விளங்கும் மொழியில் விடயத்தைச் சொல்லும் பொறுப்பை நிறுவனத்தின் மீது வைத்திருக்கின்றன. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

தவணை தவறப்போகிறது என்று தெரிந்த நாள்

தவணை தவறுவது பெரும்பாலும் திடீரென நடப்பதில்லை. வாடைக் காலத்தில் கடல் பொங்கி மீன் வரத்துக் குறைந்தால் பட்டா லொறிக்கு ஓட்டம் இராது என்பது வாழைச்சேனையில் மீன் ஏற்றுபவருக்குக் கார்த்திகையிலேயே தெரியும். பெரும்போகத்து வெள்ளாண்மை பங்குனிக்கு முன் காசாகாது என்பது படுவான்கரையில் உழவு இயந்திரம் வைத்திருப்பவருக்கு விதைக்கும்போதே தெரியும். அப்படித் தெரிந்த நாளில் கம்பனிக்குப் போகிறவருக்கும், மூன்று தவணை தவறி ஆட்கள் தேடி வந்த பிறகு போகிறவருக்கும் அங்கே கிடைக்கும் வரவேற்பு வேறு. முதல் ஆள் இன்னும் நல்ல வாடிக்கையாளர். அவருடைய கோப்பு கிளையிலேயே இருக்கும், கிளை முகாமையாளரால் ஏதாவது செய்ய முடியும். இரண்டாவது ஆளின் கோப்பு அறவீட்டுப் பிரிவுக்குப் போயிருக்கும். அதன்பின் கிளையில் இருப்பவர் விரும்பினாலும் அவரால் செய்யக்கூடியது குறைவு.

ஆகவே முதல் தவணை தவறுமுன் நேரில் போய்ப் பேசுங்கள், பேசியதை அன்றே கடிதமாகவும் கொடுங்கள். வாய்ப் பேச்சை எவரும் மறுக்கலாம், இடமாற்றலாகிப் போகும் உத்தியோகத்தர் மறந்தும் விடலாம். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. சென்ற வருடம் செங்கலடியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மேற்படி இலக்க ஒப்பந்தத்தின் கீழ் எனது முச்சக்கரவண்டிக்கு மாதத் தவணையாக 24,000 ரூபாய் கட்டி வருகிறேன். இதுவரை 26 தவணைகள் கட்டியுள்ளேன். வெள்ளத்தாலும் பாடசாலை விடுமுறையாலும் ஓட்டம் நின்றதால் டிசம்பர், ஜனவரித் தவணைகளாகிய 48,000 ரூபாயைக் கட்ட இயலவில்லை. இம்மாதம் 20ஆம் திகதிக்கு முன் 15,000 ரூபாய் கட்டுவேன். எஞ்சும் 33,000 ரூபாயை, பெப்ரவரி முதல் ஆறு மாதங்களுக்கு, வழமையான தவணையுடன் மாதம் 5,500 ரூபாய் வீதம் சேர்த்துக் கட்டித் தீர்ப்பேன். தண்ட வட்டி உட்பட எனது நிலுவைக் கணக்கை எழுத்தில் தருமாறும், இவ்வேண்டுகோளுக்கு எழுத்தில் பதில் தருமாறும், அதுவரை வாகனத்தை மீளப் பெறும் நடவடிக்கை எடுக்காதிருக்குமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் கவனிக்க வேண்டியது, கஷ்டத்தைச் சொல்வதற்கு ஒரு வரியும் கட்டும் முறையைச் சொல்வதற்கு மூன்று வரியும் செலவிட்டிருப்பது. வாசிக்கும் உத்தியோகத்தருக்கு மேலிடத்தில் காட்டுவதற்குத் தொகையும் திகதியும் வேண்டும். நீங்கள் எழுதும் தொகை உங்களால் உண்மையிலேயே கட்டக்கூடியதாக இருக்கட்டும்; இரண்டாவது மாதமே தவறினால் அடுத்த கடிதத்துக்கு மதிப்பிராது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் திகதியும் இடுவித்து வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இட மறுத்தால் தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தச் சிறு துண்டைக் கடிதப் பிரதியின் மூலையில் ஒட்டி வையுங்கள்.

விவசாயிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. உழவு இயந்திரத்துக்கோ லேண்ட் மாஸ்டருக்கோ மாதத் தவணைக்குப் பதிலாக இரு போக அறுவடையை ஒட்டி வருடத்தில் இரண்டு பெரிய தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் ஒப்பந்தம் எழுதுமுன் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

மீளட்டவணைப்படுத்தித் தருகிறோம் என்று கம்பனி சொன்னால் உடனே மகிழ்ந்து கையெழுத்திட வேண்டாம். புதிய தவணை எவ்வளவு, எத்தனை மாதம், மொத்தமாகக் கட்டி முடிக்கும் தொகை எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். மாதத் தவணை 24,000 ரூபாயிலிருந்து 17,000 ரூபாயாகக் குறைவது கண்ணுக்குத் தெரியும். 22 மாதம் 40 மாதமாக நீள்வதால் 528,000 ரூபாயில் முடிய வேண்டியது 680,000 ரூபாயாவது பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும். வாகனம்தான் உழைப்பு என்றால் அந்த விலையைக் கொடுத்தும் காப்பாற்றுவது சரியாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

பகுதி பகுதியாகக் கட்டும்போது

நிலுவை இருக்கும்போது கொடுக்கும் காசு நேராகத் தவணைக்குப் போகும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது முதலில் தண்ட வட்டி, கடிதச் செலவு, ஆள் வந்துபோன செலவு என்பவற்றுக்கே கழிக்கப்படும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, மூன்று தவணை நிலுவை 72,000 ரூபாய், மற்றைய செலவுகள் 8,600 ரூபாய் என்று வையுங்கள். நீங்கள் 50,000 ரூபாய் கட்டினால் இரண்டு தவணை தீர்ந்து மூன்றாவதில் 2,000 ரூபாயும் போயிருக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் 8,600 ரூபாய் கழிந்து 41,400 ரூபாயே தவணைக்குப் போகும். இரண்டாவது தவணையில் இன்னும் 6,600 ரூபாய் குறையும். கணினியில் நீங்கள் இரண்டு தவணை நிலுவைக்காரர். ஆகவே கட்டுமுன் "இன்றைக்கு எவ்வளவு கட்டினால் நிலுவை ஒரு தவணைக்குக் குறையும்" என்று கேட்டு, அந்தத் தொகையைக் கட்டுவது நல்லது. சேர்க்கப்பட்ட செலவுகளின் விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள்; ஒருவரும் வீட்டுக்கு வராத மாதத்தில் ஆள் வந்த செலவு எழுதப்பட்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன், கேட்டவுடன் அது நீக்கப்பட்டது.

வீட்டுக்கு வரும் அறவீட்டுக்காரரின் கையில் காசு கொடுப்பதாயின் கம்பனியின் அச்சிட்ட பற்றுச்சீட்டு அந்த இடத்திலேயே வேண்டும். "சிலிப் வட்ஸ்அப்பில் அனுப்புறன்" என்றால் கொடுக்க வேண்டாம். வங்கியில் கம்பனியின் கணக்குக்கு ஒப்பந்த இலக்கத்தைக் குறித்துக் கட்டுவதே பாதுகாப்பானது. பற்றுச்சீட்டு அச்சு மங்கிப்போகும் என்பதால் அன்றே படம் எடுத்து வையுங்கள்.

செய்யக் கூடாதவை

நெருக்கடி வந்தவுடன் கூட்டாளிமார் சொல்லும் வழிகள் சில உண்டு. அவற்றிற் பல, வாகனத்தோடு முடிய வேண்டிய பிரச்சினையைப் பொலிஸ்வரை கொண்டுபோகும்.

மிக அதிகமாக நடப்பது, லீசிங்கில் உள்ள வாகனத்தை இன்னொருவருக்குக் கைமாற்றாக விற்பது. அவர் உங்களுக்கு ஒரு தொகையைத் தந்து, மிச்சத் தவணையைத் தான் கட்டுவதாகச் சொல்லி வாகனத்தைக் கொண்டுபோவார். சாட்சிக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட கடதாசி ஒன்றும் இருக்கும். அவர் கட்டாமல் விட்டால் கம்பனி தேடி வருவது உங்களைத்தான், ஏனென்றால் ஒப்பந்தம் உங்களுடையது. வாகனம் எங்கே என்று கேட்டால் உங்களால் காட்ட முடியாது. பிறருக்குச் சொந்தமான பொருளை அவருடைய சம்மதமின்றிக் கைமாற்றியதாக நம்பிக்கை மோசடி முறைப்பாடு வரை அது போகலாம். அக்கரைப்பற்றில் இப்படி மோட்டார் சைக்கிளைக் கொடுத்த ஓர் இளைஞர், வாகனம் கையில் இல்லாமலே பதினொரு மாதம் தவணை கட்டினார்.

வாகனத்தை உறவினர் வளவில் மறைப்பதும், அதிலுள்ள ஜீபிஎஸ் கருவியைக் கழற்றுவதும் அப்படித்தான். பேசித் தீர்க்கலாம் என்று இருந்த கம்பனியும் அதற்குப் பிறகு பேசாது. நாள்வட்டிக்கும் கிழமை வட்டிக்கும் காசு எடுத்துத் தவணை கட்டுவது இன்னும் மோசமானது. லீசிங் வட்டி மாதத்துக்குக் கணக்கிடப்படுகிறது, நாள்வட்டியும் கிழமை வட்டியும் அடுத்த கிழமையே வாசலில் நிற்கும். தாலிக்கொடியையோ பிள்ளையின் சங்கிலியையோ அடகு வைப்பதை நான் வேண்டாமென்று சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டிலும் வைத்தோம். ஆனால் அடுத்த மாதத் தவணைக்கு வழி தெரியாமல் இந்த மாதத் தவணைக்கு நகையை வைத்தால், இரண்டும் போகும்.

தவணை கட்ட முடியாத காலத்தில் காப்புறுதியையும் வரி அனுமதிப்பத்திரத்தையும் விட்டுவிடுகிறவர்கள் பலர். காப்புறுதி தவறுவது தனியே ஓர் ஒப்பந்த மீறல். அந்த இடைவெளியில் விபத்து நடந்தால் வாகனமும் இல்லை, கடனும் தீராது.

நீங்களாகவே விற்பது

கணக்குப் பார்த்து இந்த வாகனத்தை வைத்திருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தால், பறிபோகும்வரை காத்திராமல் கம்பனியின் எழுத்துச் சம்மதத்துடன் நீங்களே விற்பதுதான் ஆகக் குறைந்த நட்டம் தரும் வழி என்பது என் உறுதியான எண்ணம். இதைச் சொன்னால் பலர் முகம் சுருங்குகிறது. ஊரில் வாகனம் விற்றான் என்ற பேச்சை விட, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற பேச்சு வருத்தம் குறைந்ததா?

கணக்கை இப்படிப் பாருங்கள். இன்று முழுவதையும் கட்டித் தீர்க்க 640,000 ரூபாய் வேண்டும், வெளியில் வாகனத்தின் விலை 700,000 ரூபாய் என்றால், வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய், அவர் காசைக் கம்பனிக்கே கட்டி, விடுவிப்புக் கடிதம் வாங்கி, பெயர் மாற்றியபின் உங்கள் கையில் 60,000 ரூபாய் மிஞ்சும். அதே வாகனம் எடுத்துச் செல்லப்பட்டு ஏலத்தில் 520,000 ரூபாய்க்குப் போய், எடுத்த செலவு, நிறுத்திவைத்த வாடகை, மதிப்பீட்டுச் செலவு என்று 35,000 ரூபாய் சேர்ந்தால், வாகனமும் இல்லாமல் இன்னும் 155,000 ரூபாய் நீங்கள் கடன்காரர். எடுத்துச் சென்றவுடன் கடனும் போய்விட்டது என்று நிம்மதி அடைந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்துக் கடிதம் வருவது இதனால்தான். விற்க முடிவெடுத்தவுடன் "இன்ன திகதிக்குள் முழுமையாகத் தீர்ப்பதற்கான தொகை" என்று குறிப்பிட்ட கடிதத்தைக் கம்பனியிடம் கேட்டு வாங்குங்கள். அதிலே திகதி முக்கியம், ஒவ்வொரு நாளும் தொகை மாறும்.

அவர்கள் வரும் நாள்

வீட்டு வாசலை விட, சந்தை வாசல், பெற்றோல் நிரப்பு நிலையம், ஆஸ்பத்திரி முன்றில், ஆட்டோ தரிப்பிடம் போன்ற இடங்களிலேயே வாகனங்கள் அதிகமாக எடுக்கப்படுகின்றன. இரண்டு மூன்று பேர் வருவார்கள், ஒருவர் பேசுவார், இன்னொருவர் திறப்பில் கை வைப்பார். பதறாதீர்கள். வாகனத்தில் பயணிகளோ பிள்ளைகளோ இருந்தால் முதலில் அவர்களைப் பாதுகாப்பாக இறக்குங்கள். வேகமாக ஓட்டித் தப்ப முயல வேண்டாம், கை ஓங்கவும் வேண்டாம். அடித்தால் அந்த நிமிடமே வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்தவர்களின் அடையாள அட்டை, இந்த வாகனத்தை மீளப் பெறும்படி கம்பனி அவர்களுக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம், உங்கள் ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்டதாக உங்களுக்கு அனுப்பிய அறிவித்தல் ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டுவதைப் படம் எடுங்கள். நிலுவை வந்தவுடன் வாகனத்தைத் தூக்கிச் செல்லும் உரிமை பிறந்துவிடுவதில்லை. தவறைச் சரிசெய்ய அறிவித்தல் தந்து, அவகாசம் தந்து, ஒப்பந்தத்தை முடிவுறுத்திய பிறகே மீளப் பெறும் பேச்சுக்கு இடமுண்டு. அந்த இடத்திலிருந்தே கிளைக்கு அழைப்பெடுத்து, வந்தவர்கள் உண்மையில் அவர்களுடைய ஆட்கள்தானா, இன்று எவ்வளவு கட்டினால் நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். பல தடவைகளில் அந்த அழைப்பிலேயே ஒரு தவணைக்குச் சம்மதித்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

உங்கள் சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இல்லாமல் எவரும் உங்கள் வளவுக்குள் புகுந்து, கேற்றை உடைத்து, திறப்பைப் பறித்து வாகனத்தை எடுக்க முடியாது. வழிமறித்தல், அச்சுறுத்தல், அத்துமீறி நுழைதல் என்பன கடன் இருக்கிறது என்பதால் குற்றமல்லாதவையாகி விடுவதில்லை. தண்டனைச் சட்டக்கோவை அவற்றைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. "நான் ஒப்படைக்கச் சம்மதிக்கவில்லை, நீதிமன்றம் மூலம் வாருங்கள்" என்று நிதானமாக, நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். பலவந்தம் தொடர்ந்தால் 119க்கு அழையுங்கள். பொலிஸ் நிலையத்தில் "இது சிவில் விசயம்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். தவணைப் பிணக்கைப் பற்றியல்ல, உங்களுக்கு நடந்த அச்சுறுத்தலையோ தாக்குதலையோ பற்றியே முறைப்பாடு என்று சொல்லி, அதைப் புத்தகத்தில் பதிவித்து இலக்கத்தை வாங்குங்கள். வந்தவர் நீதிமன்றக் கட்டளையுடன் வரும் பிஸ்கால் உத்தியோகத்தராக இருந்தால் கதை வேறு. அவரைத் தடுக்கக் கூடாது. கட்டளையின் பிரதியை வாங்கிக்கொண்டு அன்றே சட்டத்தரணியிடம் போங்கள்.

இனி அந்தத் தாள். என் தம்பி கையெழுத்திட்ட தாளைப் போன்றதொன்று அனேகமாக எல்லாரிடமும் நீட்டப்படும். விளங்காத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்திடாதீர்கள். சூழ நின்று நெருக்கி, இடாமல் விடமாட்டார்கள் என்ற நிலை வந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையால், தமிழில், "இத்தாள் எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை. வாகனத்தை நான் விரும்பி ஒப்படைக்கவில்லை" என்று எழுதி, திகதியும் நேரமும் இட்டு, முழுத் தாளையும் படம் எடுங்கள். அந்த இரண்டு வரியை அன்று அவன் எழுதியிருந்தால் எங்கள் முறைப்பாட்டுக்கு ஒரு கால் இருந்திருக்கும்.

நீங்களே ஒப்படைக்கச் சம்மதித்தாலும் சாமான் பட்டியல் இல்லாமல் வாகனம் நகரக் கூடாது. ஓடிய கிலோமீற்றர், டயர்களின் நிலை, பற்றரி, ஸ்டெப்னி, ரேடியோ, சீற், கண்ணாடி, கீறல்கள் எல்லாவற்றையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வாகனத்தைச் சுற்றி வந்து ஒரு வீடியோவும் எடுங்கள். உங்கள் சொந்தப் பொருட்களை, குறிப்பாகச் சாரதி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் புத்தகம், மருந்துகளை, இறக்கிக்கொள்ளுங்கள்.

எடுத்துச் சென்ற பிறகு

அடுத்த நாளே கிளைக்குப் போய் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: வாகனம் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது, எந்தத் திகதிக்குள் எவ்வளவு கட்டினால் திருப்பித் தருவார்கள், அந்தத் தொகை எவற்றால் ஆனது. நாளொன்றுக்கு நிறுத்துமிட வாடகை ஏறும் என்பதால் தாமதம் உங்களுக்கே செலவு. கட்ட வழியில்லை என்றால், விற்குமுன் உங்களுக்கு அறிவிக்கும்படியும், மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைத் தரும்படியும், வாங்கக்கூடிய ஒருவரை நீங்கள் கொண்டுவர அனுமதிக்கும்படியும் கடிதம் கொடுங்கள். பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் அன்றைய சந்தை விலையை எழுதி வாங்கி வைத்தால், மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டதாகப் பின்னர் வாதிட அது உதவும்.

முறைப்பாடு செய்வதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத வேண்டும். கிளைக்கு மட்டுமல்ல, தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும். பதில் வராவிட்டால் அல்லது திருப்தியில்லாவிட்டால், முதற் கடிதத்தின் பிரதியுடன் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம், 1935 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும், கொழும்பிலுள்ள நிதி ஒம்புட்ஸ்மனுக்கும் அதேபோல் எழுத முடியும். இவை யாவும் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கே பொருந்தும். அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வெளியிட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன்பே உங்கள் கம்பனி அதில் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் கோபத்தை எழுதாமல் திகதி வாரியாக நடந்ததை எழுதுங்கள். அழைப்பு வந்த நேரம், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்து வைத்த ஒரு பயிற்சிக் கொப்பி இருந்தால், அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

மீதிக் கடனுக்காக மத்தியஸ்தரிடமிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ வரும் கடிதத்தைப் பிரிக்காமல் விடுவதுதான் நான் கண்ட தவறுகளில் மிகப் பெரியது. பல லீசிங் ஒப்பந்தங்களில் மத்தியஸ்தத் தீர்ப்பு வாசகம் இருக்கும். நீங்கள் போகாவிட்டாலும் தீர்ப்பு வழங்கப்படும், பின்னர் அதை நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றுவார்கள். கொழும்பில் விசாரணை என்றால் தூரத்தையும் மொழியையும் நினைத்து மலைத்து நின்றுவிடுகிறோம். போக முடியாவிட்டாலும், குறித்த திகதிக்கு முன் உங்கள் பதிலை எழுத்தில் அனுப்ப வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிலையங்கள் உண்டு. வருமானத்தைக் காட்டுவதற்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும், ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டு போங்கள்.

பிணை நின்றவர்

இவ்வளவுக்கும் நடுவில் நாம் மறந்துவிடுபவர் பிணை நின்றவர். அவர் ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்பிப் போன மாமனாராகவோ, கூட வேலை செய்த ஆசிரியராகவோ இருப்பார். நீங்கள் கட்டாத கடனை முழுவதுமாக அவரிடம் கேட்கக் கம்பனிக்கு உரிமை உண்டு. கடன் தகவல் பணியகத்தில், அதாவது எல்லோரும் "கிறிப்" என்று சொல்லும் இடத்தில், உங்கள் பெயருடன் சேர்த்து அவருடைய பொறுப்பும் பதிவாகும். அவர் தன் மகளின் கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ வங்கிக் கடன் கேட்கும்போதுதான் அது அவருக்குத் தெரியவரும். முதல் தவணை தவறும் மாதத்திலேயே அவரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். கம்பனிக்குக் கொடுக்கும் கடிதத்தின் பிரதியொன்றை அவர் கையிலும் கொடுங்கள்.

என் தம்பிக்குப் பிணை நின்றவர் அவனுடைய மாமனார். வண்டி போய் ஐந்து மாதத்துக்குப் பிறகு அவருடைய ஓய்வூதியம் வரும் முகவரிக்குக் கம்பனியின் கடிதம் போனது. அவர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மகன்" என்று மட்டும் கேட்டார். எஞ்சிய தொகையை மாதம் 6,000 ரூபாயாகக் கட்டச் சம்மதம் எழுதி வாங்கினோம். ஒவ்வொரு பற்றுச்சீட்டின் படத்தையும் தம்பி முதலில் அனுப்புவது அவருக்குத்தான்.